ஐஸ் பெட்டிக்குள் வைத்த கால்

முதலில் போத்தல் ஓடு என்றுதான் நினைத்தேன். எங்கள் கொழும்புத்துறைக் கரையில் போத்தல் ஓட்டுக்குப் பஞ்சமில்லை. முழங்காலுக்குக் கீழே தண்ணீர், அடியில் சேறு. இடது பாதத்தின் வெளிப்பக்கத்தில், சின்னவிரலுக்கு மேலே, ஏதோ சுருக்கென்று ஏறி இறங்கியது. குடித்துவிட்டுப் போத்தலைக் கடலில் எறிகிறவர்களைத் திட்டிக்கொண்டே இன்னும் இரண்டு எட்டு வைத்தேன். அடுத்த எட்டுக்குக் கால் வரவில்லை.

பக்கத்தில் சேறு புகையாகக் கிளம்பியது. அதற்குள்ளிருந்து சுளகளவு உடம்பொன்று வழுக்கிக்கொண்டு போனது. நீண்ட வால் பின்னால் இழுபட்டது. திருக்கை.

இதை வாசிக்கிற உங்களில் யாரையாவது திருக்கை குத்தியிருக்கலாம். இல்லாவிட்டால் ஆறாத புண்ணோடு ஏதாவது ஒரு ஆஸ்பத்திரி வாட்டில் கட்டிலில் கிடக்கலாம், அப்படிக் கிடக்கிறவருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருக்கலாம். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். வைத்தியம் சொல்ல எனக்குத் தகுதியில்லை. என் காலுக்கு நடந்ததை என்னைவிட வேறு யாரும் சரியாகச் சொல்லவும் முடியாது.

என் பெயர் ரூபி. பருத்தித்துறையில் ஒரு மெதடிஸ்த வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் விலங்கியல் படித்தேன். திருக்கையின் படத்தை அழகாகக் கீறி, பாகங்களுக்குப் பெயர் குறித்து, நல்ல புள்ளி வாங்கினேன். வாலிலுள்ள முள்ளுக்கும் பெயர் குறித்தேன். கலியாணம் கட்டிக் கொழும்புத்துறைக்கு வந்த பிறகு, கணவர் தேவனும் நானுமாகக் கரையில் நண்டும் மீனும் வாங்கி, ஐஸ் போட்டு, லொறியில் ஏற்றி அனுப்புகிறோம். தேவன் பேச்சுக் குறைந்த மனிதர். அவருடைய பங்கையும் சேர்த்து நான்தான் பேசுவேன். கரையில் என் வாய்க்குப் பயந்தவர்கள் உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

எங்கள் தொழிலில் நேரத்தை ஐஸ்தான் காட்டும். காலையில் கட்டி ஐஸ் வந்து இறங்கியதும் அது கரையத் தொடங்கிவிடும். அது கரைந்து முடிவதற்குள் வாங்கவேண்டும், தரம் பிரிக்கவேண்டும், பெட்டி கட்டவேண்டும், லொறியைப் பிடிக்கவேண்டும். பல வருடங்களாக நான் நடந்ததும் சாப்பிட்டதும் சண்டை பிடித்ததும் அந்த வேகத்தில்தான்.

ஆழமில்லாத எங்கள் பரவைக்கடலில் இறங்குகிறவர்களுக்கென்று ஒரு நடை இருக்கிறது. பாதத்தைத் தூக்கி வைப்பதில்லை. சேற்றோடு தேய்த்துத் தேய்த்துத்தான் போவார்கள். சேற்றில் புதைந்து படுத்திருக்கும் திருக்கை, கால் வருகிற அசைவு தெரிந்து விலகிப் போய்விடும். இதைக் கரையில் யாரும் பாடமாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. எல்லோரும் அப்படி நடப்பதால் நானும் அப்படி நடக்கப் பழகியிருந்தேன்.

அன்றைக்கு நல்ல நண்டோடு ஒரு வள்ளம் வந்துகொண்டிருந்தது. மற்ற வியாபாரி சின்னராசா மோட்டார் சைக்கிளை நிறுத்தி, சாரத்தை மடித்துக் கட்டுவது கண்ணில் பட்டது. அவன் போவதற்குள் போய்விட வேண்டும் என்று எட்டி எட்டி வைத்துப் போனேன். அந்த அவசரத்தில் கால் பழகிய நடையை மறந்துவிட்டது.

நோவைப் பற்றி விளக்கமாகச் சொல்லவேண்டும். குத்திய இடத்தில் தொடங்கி அது கெண்டைக்காலுக்கு ஏறியது. பிறகு தொடைக்கு. பிறகு அடிவயிற்றுக்கு. நேரம் போகப் போகக் குறையும் என்று காத்திருந்தால் கூடிக்கொண்டே போனது. எனக்கு நாக்கு வறண்டு, வியர்த்துக் கொட்டியது. தேவன் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போய் கரையிலுள்ள எங்கள் மீன்வாடியில், மீன் தரம் பிரிக்கும் மேசைக்குப் பக்கத்தில் இருத்தினார். பாதத்தில் ஒரு சின்ன வெட்டுக் காயம்தான். அவ்வளவு சின்னக் காயத்துக்கு இவ்வளவு நோவா என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

"ஐஸைக் கொண்டாங்கோ!" என்று கத்தினேன். "பெட்டியைத் திறவுங்கோ!"

"ரூபி, சுடுதண்ணி..." என்று தேவன் தொடங்கினார்.

"சுடுதண்ணியோ? எரியிற காலுக்குச் சுடுதண்ணியோ? விசரே உங்களுக்கு?"

அவர் வாயை மூடிக்கொண்டார். வழமை அதுதான். றெஜிபோம் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து, உடைத்த ஐஸுக்குள் என் காலைக் கணுக்கால் வரைக்கும் புதைத்தேன். எதையும் பழுதாகாமல் வைத்திருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். மேசையில், கைக்கெட்டும் தூரத்தில், தேத்தண்ணிக்காகக் காலையில் நிரப்பிய சுடுதண்ணிப் போத்தல் நின்றது. அதை நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். ஓட்டோ வரும் வரைக்கும் கால் ஐஸுக்குள்ளேயே கிடந்தது.

ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த சத்திரசிகிச்சை டொக்டர் இளம் ஆள். மயிலிட்டியில் பிறந்து, கைக்குழந்தையாக இடம்பெயர்ந்து, வேறு ஊரில் வளர்ந்தவர் என்று பிறகு தெரிந்தது. காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குத்தின உடனை என்ன செய்தனீங்கள் அக்கா?"

"ஐஸுக்குள்ள வைச்சனான், டொக்டர்."

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது. "ஐஸுக்குள்ளயோ?"

"ஓம். நாங்கள் மீன் யாவாரம்."

பக்கத்தில் நின்ற மிஸி (தாதி) திரும்பிச் சிரித்தார். டொக்டர் சிரிக்கவில்லை. ஒரு பேசினில் சுடுதண்ணி கொண்டுவரச் சொன்னார். முதலில் தன் கையை விட்டுப் பார்த்தார், பிறகு என் காலை வைக்கச் சொன்னார். தாங்கக்கூடிய சூடு, கொப்புளம் போடாத சூடு. ஆறினதும் திரும்ப ஊற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் நோ இறங்கியது. தொடையிலிருந்து கெண்டைக்கால், கெண்டைக்காலிலிருந்து பாதம் என்று ஏறிய வழியாலேயே இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அக்கா, இந்த நஞ்சு ஒரு புரதம். முட்டை வெள்ளைக்கரு மாதிரி எண்டு வையுங்கோ. சூடு பட்டால் குலைஞ்சு போம். குளிரில அப்பிடியே இருக்கும்."

மீன் பழுதாகாமல் இருக்கச் செய்கிற வேலையை நான் நஞ்சுக்கும் செய்திருக்கிறேன். தேவன் கட்டிலின் கால்மாட்டில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

ஏற்பு ஊசி (காயத்தால் வரும் தசை இறுக்க நோயைத் தடுக்கும் ஊசி) போட்டார்கள். எக்ஸ்றே எடுத்தார்கள், முள் எதுவும் தெரியவில்லை. இரத்தத்தைச் சோதித்தபோது எனக்குச் சலரோகம் (இரத்தத்தில் சீனி கூடும் நோய்) இருப்பது தெரிந்தது. எவ்வளவு காலமாக இருந்ததோ தெரியாது. என்னை யாரும் சோதித்ததில்லை, நானும் போய் நின்றதில்லை. நிற்க நேரம் இருக்கவில்லை.

மருந்தோடு வீட்டுக்கு வந்தேன். சில நாளில் காயத்தைச் சுற்றித் தோல் ஊதா நிறமாகி, பிறகு கறுத்தது. பாதம் பாண் மாதிரி வீங்கியது. மணம் வந்தது. மீனோடு வாழ்கிறவளுக்கு அந்த மணத்தை அடையாளம் காண யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தேவன் ஓட்டோவைக் கூப்பிட்டார்.

இந்த முறை படுக்கையில் போட்டுவிட்டார்கள். அங்கே கேட்ட சொற்கள் எல்லாம் எனக்குப் புதிது. செலுலைற்றிஸ் (தோலுக்கு அடியில் கிருமி பரவி வீங்குவது). நெக்ரோசிஸ் (தசை உயிரிழந்து கறுத்துப் போவது). டிபிரைட்மென்ற் (செத்த தசையை வெட்டித் துப்புரவாக்குவது). இந்தக் கடைசிச் சொல்லுக்காக என்னைத் திரும்பத் திரும்ப ஒப்பரேசன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள்.

முதல் முறை போய் வந்த மறுநாள் டொக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஒளிக்காமல் சொல்லுறன் அக்கா. சின்னவிரல் போகும். அதோடை நிண்டால் நல்லது. நிக்காட்டில் பாதத்தின்ரை முன்பக்கத்தை எடுக்க வேண்டி வரும்."

"அது எப்ப தெரியும்?"

"புண் சொல்லும். நாங்கள் பாத்துக்கொண்டிருக்க வேணும்."

"நான் ஐஸ் வைச்சதாலையோ?"

"அதாலைதான் எண்டு சொல்ல மாட்டன். சீனி இருந்திருக்கு. முள்ளின்ரை உறை உள்ளுக்குக் கிடந்திருக்கு. சேத்துத் தண்ணிக் கிருமியும் இருக்கு. ஐஸ் உதவேல்லை, அவ்வளவுதான்."

அவர் போன பிறகு போர்வையை முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டு அழுதேன். பாதம் போனால் நான் எப்படிச் சேற்றில் நிற்பேன் என்று நினைத்தேன். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. என் தங்கை மெர்சி நிறைமாதமாக எங்கள் வீட்டில் இருந்தாள். எங்களுக்கு அம்மா இல்லை. மெர்சியின் கணவர் கட்டாரில் வேலை. பிள்ளைப்பேறு பார்க்க, பத்தியம் (பிள்ளை பெற்றவளுக்கென்று மிளகாய் சேர்க்காமல் சமைக்கும் சாப்பாடு) சமைக்க, இரவில் எழும்பிப் பிள்ளையை ஆட்ட என்னை நம்பித்தான் அவள் வந்திருந்தாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தப் பிள்ளையை முதலில் தூக்கிக்கொண்டு நடக்கப்போகிறவள் நான்தான் என்று மனதுக்குள் எப்போதோ முடிவு செய்து வைத்திருந்தேன். நடக்கக் கால் வேண்டும்.

சின்னராசா பார்க்க வந்தான். தோடம்பழப் பையைக் கட்டில் அலுமாரியில் வைத்துவிட்டு, முகத்தை நல்ல கவலையாக வைத்துக்கொண்டு கேட்டான்.

"ரூபியக்கா, திருக்கைக்கு இப்ப எப்பிடி இருக்காம்? உங்களைக் குத்தினது தப்பியிருக்குமோ?"

வாட்டு முழுக்கச் சிரித்தது. தேவன்கூடச் சிரித்தார். நானும் சிரித்தேன், சிரித்ததில் கால் நொந்தது.

மருந்து கட்ட வந்த டொக்டரிடம் மிஸி இந்தப் பகிடியைச் சொன்னார். அவர் பஞ்சை எடுத்துக்கொண்டே, "அதுக்கும் காயம்தான்" என்றார்.

என் புண்ணுக்குள்ளிருந்து எடுத்ததை அவர் ஒரு சின்னப் போத்தலில் போட்டு வைத்திருந்தார். காட்டினார். நகத்துண்டு அளவில், சாம்பல் நிறத்தில், கிழிந்த சவ்வு. பாம்புக்கு இருப்பதுபோல நஞ்சுப் பையும் குழாயும் திருக்கைக்கு இல்லையாம். முள்ளின் இரண்டு ஓரங்களிலும் பள்ளம் ஓடுகிறது. அதற்குள் நஞ்சை ஆக்கும் தசை இருக்கிறது. முழுவதையும் மெல்லிய தோல் மூடியிருக்கிறது. முள் குத்தும்போது அந்தத் தோல் கிழிந்தால்தான் நஞ்சு வெளியே வரும். அதாவது, தன்னில் கொஞ்சத்தைக் கிழித்துக்கொடுக்காமல் திருக்கையால் என்னைக் குத்தியிருக்க முடியாது.

எனக்கு அந்தத் திருக்கையில் ஆத்திரம் இருந்தது. அதை மறைக்கப் போவதில்லை.

"அது என்னத்துக்கு டொக்டர் என்னைக் குத்தினது? தின்னவே போகுது?"

"தின்னுறதுக்கு அது முள்ளைப் பாவிக்காது. நீங்கள் திருக்கை வெட்டுறனீங்கள்தானே? வயித்துக்குள்ளை என்ன கிடக்கும்?"

"நண்டு ஓடு. றால். புழு."

"எல்லாம் வாயாலை நொருக்கினது. நஞ்சு வைச்சுப் பிடிச்சதில்லை. இந்த முள் இரை பிடிக்க இல்லை அக்கா. ஆராவது மேலை ஏறி அமத்தினால், அவையை எழும்பப்பண்ணத்தான். கொல்லுறது அதுக்குத் தேவையில்லை. ஆறுதலாக் கொல்லுற நஞ்சாலை அதுக்கு என்ன பிரயோசனம்? அதுக்குள்ளை அது நசிஞ்சு போம். உடனை நோகவேணும். நோப்பண்ணுறதுதான் அந்த நஞ்சின்ரை வேலை."

"நான் பெரிய சுறாவின்ரை வாய்க்குள்ளை திருக்கை முள் குத்திக்கிடக்கக் கண்டிருக்கிறன். அது திருக்கையைத் திண்டிட்டுத்தானே வந்து வலையிலை பட்டது?"

அவர் போத்தலை மூடினார். "எல்லா நேரமும் காப்பாத்தாதுதான். சில நேரம் காப்பாத்தினாலே காணும்."

பிறகு ஒன்று சொன்னார். நஞ்சு சும்மா ஊறுவதில்லை. சாப்பிடுகிற நண்டிலும் றாலிலுமிருந்துதான் அந்தத் தசையும் வளரவேண்டும். உடம்பு வளர்வதற்கும் குட்டி போடுவதற்கும் போகவேண்டியதில் ஒரு பங்கு முள்ளுக்குப் போகிறது. கிழிந்தால் திரும்ப வளர்க்க வேண்டும். முள் முறிந்தால் புதிதாக முளைக்க வேண்டும். அதனால் விலகிப் போக இடமிருந்தால் அது விலகித்தான் போகும்.

நான் விலக நேரம் கொடுக்கவில்லை. சின்னராசாவை முந்தப் போனேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் எனக்கு மெலிவு கண்டது. வளையல் முழங்கை வரை ஓடியது. சாப்பிட்டேன், நன்றாகவே சாப்பிட்டேன், முட்டையும் மீனும் பருப்புமாக. இருந்தும் தோளும் கன்னமும் வற்றின. வெறும் படுக்கையில் கிடக்கிறவளுக்கு ஏன் இவ்வளவு களைப்பு என்று மிஸியிடம் கேட்டேன். "நீங்கள் சும்மா கிடக்கேல்லை, உடம்பு அங்கை வேலை செய்யுது" என்று காலைக் காட்டினார். புண்ணை நிரப்புகிற தசை எங்கிருந்தோ வரவேண்டுமே. விறகு முடிந்தால் கதிரையை உடைத்து அடுப்பெரிக்கிற வீட்டுக்காரி மாதிரி, உடம்பு தன் நல்ல இடங்களிலிருந்து எடுத்துக் காலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. உங்களுக்கும் இப்படிக் களைப்பு வரும். சோம்பல் என்று யாராவது சொன்னால் நம்பாதேயுங்கள்.

மெர்சிக்கு அதே ஆஸ்பத்திரியில்தான் பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. தேவன் என்னைச் சில்லு வைத்த கதிரையில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். நீண்ட நடைகூடத்தில் என் காலை முன்னால் நீட்டிக்கொண்டு, வழியில் வந்தவர்கள் எல்லோரும் விலகிப்போகப் போனேன். மெர்சி என் காலைப் பார்த்து அழுதாள். நான் பிள்ளையைப் பார்த்து அழுதேன்.

"அக்கா, நீ பாத்துக்கொள்ளுவாய் எண்டெல்லோ வந்தனான்" என்றாள்.

"பாக்கிறன். கால்தான் இல்லை, கண் இருக்கு."

"கால் இருக்கு" என்றார் தேவன். அவ்வளவுதான் சொன்னார். அவர் எனக்கு எதிராகப் பேசியது அது ஒருமுறைதான் என்று நினைக்கிறேன்.

சின்னவிரலை எடுத்தார்கள். பிறகு நாங்கள் எல்லோரும் அந்தப் புண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தோம். புண் மேலே மூடினால் நல்லது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது தவறு. மேலே மூடி உள்ளே பழுதிருந்தால் திரும்ப வெட்டவேண்டும். அடியிலிருந்து வளர்ந்து மேலே வரவேண்டும். கிரானுலேசன் (புண்ணின் அடியில் சிவப்பாகப் புதுத் தசை முளைப்பது) வந்தால் கால் தப்பும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். ஒவ்வொரு முறை கட்டு அவிழ்க்கும்போதும் நான் அவருடைய முகத்தைத்தான் பார்ப்பேன். கரையில் விலை பேசும்போது எதிரில் நிற்பவரின் முகத்தைப் படிக்கத் தெரிந்த எனக்கு, அந்த முகத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை.

ஒருநாள் அவர் குனிந்து, மணந்து பார்த்து, மிஸியைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் பார்த்தார்கள். மிஸி, "வடிவா இருக்கு" என்றார். என் காலைப் பற்றி அப்படி யாரும் சொன்னதில்லை. எட்டிப் பார்த்தேன். பள்ளத்தின் அடியில் மாதுளை முத்துக்கள் போலச் சிவப்பு.

"இவ்வளவும் போதுமோ டொக்டர்?"

"வெட்ட வேண்டி வராது. ஆனால் கெதிப்படுத்தேலாது. அது தன்ரை பாட்டுக்கு வரும்."

வீட்டுக்கு வந்தேன். ஒரு கதிரையில் நான், இன்னொரு கதிரையில் என் கால். பக்கத்துக் கட்டிலில் மெர்சியும் பிள்ளையும். சமையல் தேவன். வாடியைக் கவனித்துக்கொண்டு, சமைத்துக்கொண்டு, எனக்கு மருந்து கட்டவும் அவரே பழகிக்கொண்டார். நான் வழமைபோல அது சரியில்லை இது சரியில்லை என்று சொல்லத் தொடங்குவேன். பாதியில் களைத்துவிடும். அந்தக் களைப்பில் ஒன்று கண்டுபிடித்தேன். நான் சொல்லி முடிக்காத குறைகளில் அரைவாசி தன்பாட்டில் சரியாகிக்கொண்டிருந்தது.

பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கத்தில் சரக்குக் கறி கொடுப்போம். மல்லி, மிளகு, மஞ்சள், வேர்க்கொம்பு (சுக்கு) எல்லாம் அரைத்துப் போட்ட பத்தியக் கறி. பால் சுரக்கவென்று அதற்குள் போடுவது சின்னச் சுறா, இல்லாவிட்டால் திருக்கை. ஒருநாள் தேவன் திருக்கையோடு வந்தார். வாசலில் நின்று, அதைப் பின்னால் மறைத்துப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"கொண்டாங்கோ, நான் வெட்டித் தாறன்" என்றேன்.

"உமக்கு ஏலுமோ?"

"இருந்து வெட்டலாம்."

முள்ளை அவர் கரையிலேயே வெட்டிவிட்டு வந்திருக்கலாம். நான் கேட்பேன் என்று எப்படித் தெரிந்ததோ, வாலோடுதான் கொண்டுவந்திருந்தார். செத்த திருக்கையின் முள்ளிலும் நஞ்சிருக்கும். குறட்டால் பிடித்துக்கொண்டு பார்த்தேன். எத்தனையோ வருடமாக இந்த வால்களை வெட்டி எறிந்திருக்கிறேன், ஒன்றையாவது உற்றுப் பார்த்ததில்லை. பெரிய முள்ளின் நுனி முறிந்திருந்தது. அதனடியில் இன்னொரு சின்ன முள், புதுசு, முளைத்துக்கொண்டிருந்தது. பிள்ளையின் முதற் பல் போல வெள்ளையாக இருந்தது.

வயிற்றைக் கீறினேன். உள்ளே குட்டி இருந்தது. உள்ளங்கை அளவில், செட்டைகளை மடித்துச் சுருட்டிக்கொண்டு, வாலும் வாலில் மெல்லிய முள்ளும் வைத்து, முழுத் திருக்கையாக. அதைச் சுற்றித் தடித்த பால் போன்ற நீர். திருக்கை முட்டை இடுவதில்லை, குட்டிக்கு வயிற்றுக்குள்ளேயே பால் போன்ற ஒன்றை ஊறவைத்துக் கொடுக்கும் என்று பள்ளிக்கூடத்தில் எழுதியிருக்கிறேன். அந்த நீர் இப்போது என் விரல்களில் பிசுபிசுத்தது. பின்னால் மெர்சியின் பிள்ளை சத்தமாகப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

ஒரே நண்டிலிருந்து குட்டிக்குப் பாலும் வாலுக்கு நஞ்சும். நான் ஏறி மிதித்த அந்தத் திருக்கையும் எதையோ விட்டுவிட்டுத்தான் எனக்காக அந்த முள்ளைச் செலவழித்தது. எனக்கு அதன்மேலிருந்த ஆத்திரம் அந்த இடத்தில் போய்விட்டது. பாவமாக இருந்தது. கறியை மெர்சி சாப்பிட்டாள். நானும் கொஞ்சம் சாப்பிட்டேன், புண்ணுக்கும் சதை வேண்டுமல்லவா. ருசியாகத்தான் இருந்தது.

புண் மூட எவ்வளவு காலம் எடுத்தது என்று கேட்பீர்கள். மெர்சியின் பிள்ளை பிறந்தபோது என் காலில் ஒரு குழி இருந்தது. அவள் குப்புறப் புரண்டபோது அது மேடாகி வந்திருந்தது. தவழத் தொடங்கியபோது மேலே மெல்லிய தோல் படர்ந்தது. நான் அவளைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடந்தேன். ஒவ்வொரு அடியும் யோசித்து வைத்த அடி. தேவன் பக்கத்தில் வந்தார், கையை நீட்டாமல், ஆனால் நீட்டத் தயாராக.

நீங்கள் கடலோரத்தில் இருப்பவரென்றால் இவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முள் ஆழமாக நின்றால், முக்கியமாக நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ நின்றால், பிடுங்காதீர்கள், அப்படியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கையிலோ காலிலோ என்றால் தாங்கக்கூடிய சுடுதண்ணியில் வையுங்கள். சூட்டை வேறொருவர் கைவிட்டுப் பார்க்கட்டும், நோவில் உங்களுக்குச் சூடு தெரியாது. நோ போய்விட்டாலும் டொக்டரைப் பாருங்கள். இரத்தத்தைச் சோதியுங்கள். பக்கத்தில் நிற்கும் பேச்சுக் குறைந்த ஆள் ஏதாவது சொல்லத் தொடங்கினால், முடிக்க விடுங்கள்.

என் பாதத்தின் வெளிப்பக்கம் இப்போது மரத்திருக்கிறது. சின்னவிரல் இருந்த இடம் மழைக்கு முன் குடையும், இல்லாத விரலே நோகிற மாதிரி. செருப்பு அந்தப் பக்கம் தளர்ந்திருக்கிறது. முன்பு எனக்கு இரண்டு கால் இருந்தது என்பதை நான் நினைத்துப் பார்த்ததேயில்லை. இப்போது நிலத்தில் வைக்கிற ஒவ்வொரு முறையும் இடது கால் என்னைக் கேட்டுத்தான் போகிறது.

டொக்டர் சரி சொன்ன பிறகு, தடித்த றப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு திரும்பவும் கடலில் இறங்கினேன். வள்ளம் ஒன்று வந்து நின்றது. நல்ல நண்டு, தூரத்திலேயே தெரிந்தது. அந்தப் பக்கத்தால் சின்னராசாவும் இறங்கினான். நான் காலைத் தேய்த்தேன். நிறுத்தினேன். தேய்த்தேன்.

பாதி வழியில், எனக்கு முன்னால், சேறு மெல்ல அசைந்தது. நான் நின்றேன். ஒரு ஓரம் கிளம்பியது, மற்ற ஓரம் கிளம்பியது, பிறகு முழு உடம்பும் ஆறுதலாக எழும்பி, வாலை இழுத்துக்கொண்டு, என்னைச் சுற்றி அரைவட்டமாக நீந்திப் போனது. அது போன தடத்தில் தண்ணீர் கலங்கியிருந்தது. அடுத்த அடியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தெளியட்டும் என்று நின்றேன்.

சின்னராசா வள்ளத்தைத் தொட்டுவிட்டான். கரையில் தேவன் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார்.

"ரூபி! ஐஸ் கரையுது!"

"கரையட்டும்" என்றேன்.

தண்ணீர் தெளிந்துகொண்டிருந்தது. என் இரண்டு பாதங்களும் தெரியத் தொடங்கின.